இரு சிறுநீரகங்களும் ஒரு தராசும்

ஓர் உயிரைவிட மற்றோர் உயிர் மதிப்பு மிக்கதா? இவ்வினாவை யாரேனும் கேட்டால், இல்லை என்றே நாம் தயங்காமல் விடை சொல்வோம். சொல்வது எளிது, அவ்விடைக்காக நாம் எதையும் விலையாகக் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் மருந்து ஒருவருக்கு மட்டுமே இருந்து, நோயாளிகள் இருவராக இருந்தால்? அப்போது அதே வினா நம் கையில் ஒரு தராசைக் கொடுத்துவிட்டு, என்ன செய்யப் போகிறாய் என்று எதிரே நின்று பார்க்கிறது.

இது ஏட்டுச் சுவடியில் மட்டும் எழுந்த வினா என்று எண்ணிவிட வேண்டாம். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், அமெரிக்க நகரம் ஒன்றில், நல்லவர்கள் எழுவர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, இன்னாருக்குச் சிகிச்சை உண்டு, இன்னாருக்கு இடமில்லை என்று உண்மையாகவே தீர்ப்பளித்தனர். அந்தத் தீர்ப்புக்குக் காரணமாய் அமைந்தவை, நம் ஒவ்வொருவர் முதுகுப்புறத்திலும் ஓசையின்றி உழைத்துக் கொண்டிருக்கும் இரண்டு சிறு உறுப்புகளே. ஆகவே முதலில் அவற்றை அறிந்து கொள்வோம். பிறகு தராசுக்கு வருவோம்.

கீழ் விலா எலும்புகளை ஒட்டி, முதுகெலும்பின் இரு பக்கங்களிலும் அவரை விதையின் வடிவில் அமைந்தவை சிறுநீரகங்கள். ஒவ்வொன்றும் மூடிய கையின் அளவே இருக்கும். எடை ஏறத்தாழ 150 கிராம். இரண்டையும் கூட்டினாலும் உடலின் எடையில் இருநூற்றில் ஒரு பங்கு அளவே வரும். ஆயினும் இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு இவற்றை நாடியே பாய்கிறது. அதாவது, நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்கும் மேல். இத்துணைச் சிறிய உறுப்புக்கு இத்துணைப் பெரிய பங்கு ஏன்? அதன் பணியைப் பார்த்தால் விளங்கும்.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறக்குறைய 10 லட்சம் நெப்ரான்கள் உள்ளன. ஒவ்வொரு நெப்ரானின் தலைப்பிலும் மயிரிழையினும் மெல்லிய இரத்தக் குழாய்களின் முடிச்சு ஒன்று. அதனை அடுத்து வளைந்து வளைந்து செல்லும் நுண்குழல் ஒன்று. முடிச்சு வடிகட்டுகிறது. இரத்த அணுக்களும் புரதங்களும் உள்ளேயே நின்றுவிட, நீரும் அதில் கரைந்தவையும் குழலுக்குள் இறங்குகின்றன. இவ்வாறு ஒரு நாளில் வடிவது ஏறத்தாழ 180 லிட்டர். ஆனால் சிறுநீராக வெளியேறுவதோ ஒன்று அல்லது ஒன்றரை லிட்டர்தான். எஞ்சிய நீரும், உடலுக்கு வேண்டிய சர்க்கரையும் உப்பும் நுண்குழல் வழியே செல்லும்போதே மீட்கப்பட்டு இரத்தத்துக்குத் திரும்புகின்றன. பெருநாளுக்கு முன் வீட்டைத் துப்புரவு செய்வோர், அறையிலுள்ள அனைத்தையும் முற்றத்தில் இறக்கி வைத்து, வேண்டியதை மட்டும் உள்ளே எடுத்துக்கொண்டு குப்பையை வெளியே தள்ளுவார்கள் அல்லவா? அந்த வேலையைச் சிறுநீரகம் அன்றாடம் பல முறை செய்கிறது.

சிறுநீரகம் என்ற பெயர் அவ்வுறுப்பின் பெருமையைக் குறைத்தே காட்டுகிறது. யூரியா, கிரியேட்டினின் முதலிய கழிவுகளை வெளியேற்றுவது அதன் பணிகளுள் ஒன்று மட்டுமே. உடலின் நீரளவு, உப்பு, பொட்டாசியம், அமிலத்தன்மை ஆகியவற்றை அளவு பிறழாமல் காப்பது அதன் மற்றொரு பணி. இரத்த அழுத்தத்தைச் சீராக வைப்பதில் அதற்குப் பெரும் பங்குண்டு. எலும்பு மச்சையைத் தூண்டிச் சிவப்பணுக்களை உண்டாக்கச் செய்யும் இயக்குநீர் அங்கிருந்தே சுரக்கிறது. எலும்புக்கு உரமூட்டும் வைட்டமின் டி, சிறுநீரகத்தின் கைபட்ட பின்னரே முழுமையாகப் பயன்தரும் வடிவம் பெறுகிறது. எனவேதான் சிறுநீரகம் தளர்ந்தவர்கள் வெளிறிப் போகிறார்கள், எலும்பு மெலிகிறார்கள், இரத்த அழுத்தம் ஏறித் தவிக்கிறார்கள். இரத்தத்தில் பொட்டாசியம் அளவு மீறினால் இதயத் துடிப்பே நின்றுவிடவும் கூடும். உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் என்றால், அதற்குள் இருந்து நாள்தோறும் வரவு செலவு பார்க்கும் கணக்கர் இந்தச் சிறுநீரகம்தான்.

இத்தனை பொறுப்புகளைச் சுமக்கும் இந்தக் கணக்கரிடம் ஒரு குணம் உண்டு. தன் துன்பத்தை அது வாய்விட்டுச் சொல்வதில்லை. ஒரே சிறுநீரகத்தைக் கொண்டு முழு வாழ்வு வாழ்ந்தவர்கள் பலர். இறந்த நெப்ரான் மீண்டும் முளைப்பதில்லை. ஆனால் எஞ்சியவை அதன் வேலையையும் தம் தலைமேல் போட்டுக் கொள்கின்றன. இதனால் செயல்திறனில் பாதி குன்றிய பின்னும் நோயாளி நலமாகவே நடமாடக்கூடும். நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் பல ஆண்டுகள் இவ்வாறுதான் மறைவில் அரிக்கின்றன. நெப்ரான்களின் முடிச்சுகளில் ஏற்படும் அழற்சி, சிறுநீர்ப் பாதையை அடைக்கும் கற்கள், பரம்பரையாக வரும் நீர்க்கட்டி நோய், மருத்துவரைக் கேளாமல் நெடுங்காலம் விழுங்கும் வலி மாத்திரைகள் ஆகியவையும் பிற காரணங்கள். கால் வீங்கி, முகம் உப்பி, சிறுநீர் நுரைத்து, பசி மறுத்து, சோர்வு மிகுந்து நாம் விழித்துக் கொள்ளும்போது காலம் கடந்து போயிருக்கும்.

ஆனால் அறிய வழியில்லாத நோய் அன்று இது. 1827-ஆம் ஆண்டிலேயே இலண்டன் மருத்துவர் ரிச்சர்டு பிரைட், உடல் வீங்கிய நோயாளிகளின் சிறுநீரைக் கரண்டியில் எடுத்துச் சுடரில் காட்டியபோது, அதிலிருந்த புரதம் வெண்மையாகத் திரிவதைச் சுட்டி, அதனைச் சிறுநீரகக் கேட்டோடு இணைத்துக் காட்டினார். இன்றும் அடிப்படை அதுதான். சிறுநீரில் புரதம் கசிகிறதா, இரத்தத்தில் கிரியேட்டினின் எவ்வளவு, இரத்த அழுத்தம் என்ன என்ற மூன்று எளிய சோதனைகள் போதும். கிரியேட்டினின் அளவைக் கொண்டு கணக்கிடும் வடிகட்டு திறன், நிமிடத்துக்கு 60 மில்லி லிட்டருக்குக் கீழே மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தால் அது நாட்பட்ட சிறுநீரக நோய். 15-க்குக் கீழே இறங்கினால் செயலிழப்பு.

சிறுநீரகச் செயலிழப்பு இருவகைப்படும். இந்த வேறுபாட்டை நினைவில் நிறுத்த வேண்டும். நம் அறக்கேள்வி இதிலிருந்தே கிளைக்கிறது. கடுமையான தொற்று, பெரும் இரத்த இழப்பு, நஞ்சு ஆகியவற்றால் திடீரென நேர்வது ஒன்று. சில நாட்களோ வாரங்களோ உயிரைத் தாங்கிப் பிடித்தால் பெரும்பாலும் சிறுநீரகம் தேறிவிடும். ஆண்டுக்கணக்கில் தேய்ந்து வருவது மற்றொன்று. அது திரும்பாது, மாற்றுச் சிறுநீரகம் கிட்டும் வரையிலோ வாழ்நாள் முழுவதுமோ அதன் வேலையை வேறொன்று செய்தாக வேண்டும்.

அந்த வேறொன்றைத் தேடிப் புறப்பட்டவர் வில்லெம் கோல்ஃப் என்னும் டச்சு மருத்துவர். 1938-இல் குரோனிங்கன் மருத்துவமனையில் அவர் இளம் மருத்துவராக இருந்தபோது, 22 வயது இளைஞன் ஒருவன் சிறுநீரகம் செயலற்று மெல்ல மெல்ல மடிவதைக் கண்டார். உழவர் குடியைச் சேர்ந்த அவன் தாயிடம், உங்கள் மகன் பிழைக்கமாட்டான் என்று சொல்ல வேண்டிய பொறுப்பும் அவர்மேல் விழுந்தது. நாள்தோறும் சில கிராம் கழிவை வேறு வழியில் அகற்ற முடிந்தால் இவன் பிழைப்பானே என்ற எண்ணம் அன்று அவர் நெஞ்சில் தைத்தது. 1940-இல் அந்நாட்டை ஜெர்மானிய நாஜிப் படைகள் கைப்பற்றின. நாஜிகள் அமர்த்திய தலைவரின்கீழ்ப் பணிபுரிய மனமில்லாத கோல்ஃப், காம்பென் என்னும் சிற்றூரின் மருத்துவமனைக்குச் சென்றார். அங்கே, போர்க்காலப் பஞ்சத்தின் நடுவே, மர உருளை ஒன்றின்மேல் இறைச்சிப் பண்டங்களுக்கு உறையாகப் பயன்படும் செல்லோபேன் குழாயைச் சுற்றி, உப்புநீர்த் தொட்டியில் அதைச் சுழலவிட்டார். குழாயின் உள்ளே நோயாளியின் இரத்தம்; வெளியே உப்புநீர். மெல்லிய அச்சவ்வின் வழியாக இரத்தத்திலுள்ள கழிவு நீருக்குள் இறங்கும்; அணுக்கள் இறங்கா. 1943-இல் அதனை நோயாளிகளுக்குப் பயன்படுத்தத் தொடங்கினார். டயாலிசிஸ் பொறியின் பிறப்பு இதுவே.

ஆனால் முதல் இரண்டு ஆண்டுகளில் அவரிடம் வந்தவர்களில் ஏறக்குறைய அனைவரும் இறந்தனர். 1945 செப்டம்பரில், போர் ஓய்ந்த பின், 67 வயதுப் பெண்மணி ஒருவரை நினைவிழந்த நிலையில் கொண்டு வந்தனர். தொற்றினால் அவர் சிறுநீரகங்கள் திடீரென நின்று போயிருந்தன. அவர் வந்தது வீட்டிலிருந்து அன்று, காவலிலிருந்து! நாஜிகளுக்குத் துணை நின்றவர் என்பதற்காகச் சிறைப்பட்டிருந்தவர் அவர். ஐந்தாண்டுக் காலம் அந்நியன் காலடியில் துன்புற்ற மக்கள் அவரை எந்தக் கண்ணால் பார்த்திருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. நாஜிகளின் கீழ்ப் பணிபுரிய மறுத்து ஊரையே மாற்றிக்கொண்ட மருத்துவருக்கும் அவர் இனியவராக இருந்திருக்க முடியாது. ஆயினும் கோல்ஃப் அவரைத் தம் பொறியோடு இணைத்தார். பல மணி நேரத்துக்குப் பின் அப்பெண்மணி கண் விழித்தார், சிறுநீரகங்கள் தேறின, பின்னும் சில ஆண்டுகள் வாழ்ந்தார்.

இப்பொறியின் துணையால் மரணத்தின் வாயிலிலிருந்து மீண்ட முதல் உயிர் எனப் பெரும்பாலும் போற்றப்படுவது, நாட்டவர் வெறுத்த ஓர் உயிர்! நோய் என்ன என்று கேட்ட மருத்துவர், நோயாளி யார் என்று கேட்கவில்லை. போருக்குப் பின் தம் பொறிகளை அயல்நாட்டு மருத்துவமனைகளுக்கு அவர் இலவசமாகவே அனுப்பி வைத்தார்.

இது வரலாற்றின் முதற்பக்கம். அடுத்த பக்கத்தைத் திருப்புவோம்.

கோல்ஃபின் பொறி திடீர்ச் செயலிழப்புக்கு மட்டுமே உதவியது. ஒவ்வொரு முறையும் தமனியையும் சிரையையும் புதிதாக வெட்டித் திறக்க வேண்டியிருந்ததால், சில முறைகளுக்குப் பின் வெட்டுவதற்கு இடமிராது. 1960-இல், அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பெல்டிங் ஸ்கிரிப்னர் என்னும் மருத்துவர் இதற்கு விடை கண்டார். டெஃப்லான் குழாய்களை முன்கையின் தமனியிலும் சிரையிலும் நிலையாகப் பொருத்தி, வெளியே வளைவான இணைப்பினால் சேர்த்து வைத்தார். வேண்டியபோது இணைப்பைக் கழற்றிப் பொறியில் மாட்டலாம். இதனால் நாட்பட்ட நோயாளியும் வாரந்தோறும் சிகிச்சை பெற்று வாழலாயினர். அவ்வாண்டு மார்ச்சில் இம்முறையில் முதன்முதலாகச் சிகிச்சை பெற்றவர் 11 ஆண்டுகள் வாழ்ந்தார்.

மகிழ வேண்டிய செய்திதான். ஆனால் இங்கேதான் தராசு உள்ளே நுழைகிறது. திடீர் நோயாளி பொறியைச் சில நாள் கடன் வாங்கித் திருப்பித் தருகிறார். நாட்பட்ட நோயாளியோ வாழ்நாள் முழுவதும் வைத்துக் கொள்கிறார். ஒருவர் அமர்ந்த இருக்கை, அவர் இருக்கும் வரையில் பிறருக்குக் காலியாகாது. 1962-இல் சியாட்டிலில் திறக்கப்பட்ட செயற்கைச் சிறுநீரக மையத்தில் இடம் மிகச் சிலருக்கே. நாடி வந்தவர்களோ மிகப் பலர். எனவே அங்குள்ள மருத்துவச் சங்கம், மருத்துவத் தகுதியைப் பார்க்க மருத்துவர்களையும், அத்தகுதி பெற்றோருள் யாரை ஏற்பது என முடிவு செய்ய எழுவர் கொண்ட குழுவையும் அமைத்தது. வழக்கறிஞர், பாதிரியார், வங்கியாளர், இல்லத்தரசி, அரசு அதிகாரி, தொழிற்சங்கத் தலைவர், அறுவை மருத்துவர் ஆகியோர் அதில் இருந்தனர். பெயர்கள் மறைக்கப்பட்டன, ஊதியம் கிடையாது.

1962 நவம்பரில், லைஃப் ஏட்டில் ஷானா அலெக்சாண்டர் என்னும் பெண் எழுத்தாளர் எழுதிய கட்டுரையால் உலகம் இதனை அறிந்தது. நோயாளியின் வயது, மணமானவரா, அவரை நம்பி வாழ்வோர் எத்தனை பேர், வருமானம், சொத்து, கல்வி, தொழில், மன உறுதி, இதுவரை சாதித்தது, இனிமேல் சாதிக்கக்கூடியது என எல்லாவற்றையும் குழுவினர் எடைபோட்டனர். தேவாலயப் பணிகளில் ஈடுபாடுகூடப் பேச்சில் இடம்பெற்றது. குடும்பத்துக்குச் செல்வம் சேர்த்து வைத்தவர் இறந்தால் பிள்ளைகள் பிழைத்துக் கொள்வார்கள். சேர்த்து வைக்காதவரையே காப்பாற்றுவோம் என்று ஒரு பக்கம் தோன்றும். அப்படியானால் சிக்கனமாக வாழ்ந்தவருக்கு நாம் அளிக்கும் பரிசு மரணம்தானா என்று மறுபக்கம் உறுத்தும். இந்தச் சிக்கலில் அக்குழுவினரும் உழன்றனர்.

அவர்களைக் கொடியவர்கள் என்று தூற்றுவது நேர்மையாகாது. இரவில் உறக்கமிழந்து, ஊதியமின்றி, பிறர் அஞ்சி ஒதுங்கிய சுமையைச் சுமந்தவர்கள் அவர்கள். அவர்கள் பக்கத்து நியாயத்தையும் கேட்போம். இருக்கை ஒன்று, நோயாளர் இருவர். ஒருவர் ஆறு பிள்ளைகளின் தந்தை, மற்றவர் தனியர். எவரையும் தேர்ந்தெடுக்காமல் விட்டால் இருவரும் மடிவர். ஆறு குழந்தைகளின் பசியை எண்ணிப் பார்ப்பது குற்றமா? கண்ணை மூடிக்கொண்டு சீட்டுக் குலுக்குவதுதான் அறமா? மேம்போக்காகத் தள்ளிவிடக் கூடிய வாதம் அன்று இது.

ஆயினும் இதற்கு மறுமொழி உண்டு. பசித்த ஆறு குழந்தைகளுக்குச் சோறிடுவது சமுதாயத்தின் கடமை. அக்கடமையை நாம் செய்யத் தவறிவிட்டு, அதனை அந்தத் தனியரின் உயிரிலிருந்து கழித்துக் கொள்வது எவ்வாறு முறையாகும்? மேலும், எதிர்காலப் பயன் என்று நாம் அளக்கத் தொடங்கியவுடன் நம் கையிலுள்ள அளவுகோல் நம்மையே ஒத்திருப்பதைக் காண்கிறோம். படித்தவர் படித்தவருக்கே மதிப்பெண் கூட்டுவார். குடும்பஸ்தர் குடும்பஸ்தருக்கே கூட்டுவார். 1968-இல் அக்குழுவை ஆராய்ந்த ஒரு மனநல மருத்துவரும் ஒரு சட்டப் பேராசிரியரும் கூறிய குறையும் இதுதான். நடுத்தர மக்கள் தம் சாயலில் உள்ளவர்களையே தகுதியுடையோராகக் கண்டனர் என்றனர். ஊரோடு ஒத்துப்போகாத சிந்தனையாளனுக்கோ, இன்னும் எதையும் சாதித்திராத எளியவனுக்கோ அந்தத் தராசில் எடை ஏறாது. காம்பென் நகரப் பெண்மணி அக்குழுவின் முன் நிறுத்தப்பட்டிருந்தால்? நினைத்துப் பார்க்கவே வேண்டியதில்லை.

அப்படியானால் எதனைத்தான் எடைபோடலாம்? நோயின் கடுமையை எடைபோடலாம். சிகிச்சையால் பலன் கிட்டுமா என்பதை எடைபோடலாம். இவை உடலைப் பற்றிய கேள்விகள். மருத்துவம் அறிந்த கேள்விகள். அவற்றில் இருவரும் சமமாக நின்றால், முன்னே வந்தவருக்கு முன்னே இடம் அளிக்கலாம். அல்லது சீட்டே குலுக்கலாம். சீட்டுக்கு இதயம் இல்லை என்பது உண்மை. ஆனால் அது தோற்றவரைப் பார்த்து, நீ வாழத் தகுதியற்றவன் என்று சொல்வதில்லை. சாகப் போகிறவரிடம் அந்த ஒரு சொல்லைச் சொல்லாமல் இருப்பது சிறிய அறமா?

இதனினும் பெரிய அறம் ஒன்றுண்டு. நிறுக்கும் கலையில் தேர்வதைவிட, நிறுக்க வேண்டிய நிலையை ஒழிப்பது அது. நாடெங்கும் எழுந்த விவாதத்தின் பின், 1972-இல் அமெரிக்கச் சட்டமன்றம் சிறுநீரகம் செயலிழந்த ஏறக்குறைய அனைவருக்கும் வயது வேறுபாடின்றிச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்க வழிசெய்தது. 1973 ஜூலையில் அது நடைமுறைக்கு வந்தது. அத்தகைய குழுக்களுக்கு அதன்பின் வேலை இல்லாமல் போயிற்று. இந்தியாவிலும் 2016-இல், ஏழைகளுக்கு மாவட்ட மருத்துவமனைகளில் கட்டணமின்றி டயாலிசிஸ் வழங்கும் தேசியத் திட்டம் அறிவிக்கப்பட்டது. ஒவ்வோர் இருக்கை கூடும்போதும் ஒரு தீர்ப்பு குறைகிறது.

சியாட்டிலை நாம் கடந்து வந்துவிட்டோமா? அந்தக் குழு கலைந்துவிட்டது. ஆனால் அதன் நாற்காலிகள் நம் வீட்டுக் கூடங்களில் கிடக்கின்றன. வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் பொறியோடு பிணைந்திருக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்கிறார். போக்குவரத்து, மருந்து, இழந்த கூலி எல்லாம் சேர்ந்து குடும்பத்தின் தோளை அழுத்துகின்றன. வாப்பாவுக்கு என்றால் நகையை விற்போம். வீட்டை ஒற்றிக்கு வைப்போம். உம்மாவுக்கு என்றால்? "எனக்கு என்ன, வயதாகிவிட்டது, பிள்ளைகளைப் பாருங்கள்" என்று அவர் சொல்லுமுன்பே நம்மில் சிலர் அதைக் கேட்டுவிடுகிறோம்.

மிகையாகச் சொல்வதாக எண்ணாதீர்கள். 1954-இல் பாஸ்டன் நகரில், ஒருவர் தம் இரட்டைச் சகோதரருக்கு ஈந்த சிறுநீரகத்தைக் கொண்டு முதல் வெற்றிகரமான மாற்று அறுவை நடந்தது. அன்று முதல், உயிரோடிருக்கும் உறவினரே மற்றொருவருக்கு வாழ்வளிக்கும் வழி திறந்தது. அவ்வழியில் நம் நாட்டில் யார் கொடுக்கிறார்கள், யார் பெறுகிறார்கள்? 1995 முதல் 2021 வரை இந்தியாவில் நடந்த உறுப்பு மாற்று அறுவைகளில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு ஆண்களுக்கே செய்யப்பட்டன. உயிரோடிருந்து உறுப்பு ஈந்தோரில் பெரும்பான்மையோர் பெண்கள். மனைவியும் தாயும் மனமுவந்து கொடுத்தார்கள்; அந்த ஈகையைக் குறைத்துப் பேச நாம் யார்? ஆனால் நோய் பெண்ணைத் தாக்கும்போது ஈவோர் கை ஏன் சுருங்குகிறது? சம்பாதிப்பவர், சம்பாதிக்காதவர் என்று நாமும் அளவுகோலைத்தான் எடுக்கிறோம். அந்த எழுவரேனும் தாம் தீர்ப்பளிப்பதை அறிந்திருந்தனர், உறக்கமிழந்தனர். நாமோ தீர்ப்பளித்ததையே அறியாமல் உறங்குகிறோம்.

கையில் உள்ள பணம் உண்மையிலேயே ஒருவருக்குத்தான் போதும் என்ற துயரநிலை குடும்பங்களுக்கு வரலாம். அப்போது முடிவெடுக்கத்தான் வேண்டும். ஆனால் அந்த முடிவை நோயாளியின் எதிரில், அவர் விருப்பத்தைக் கேட்டு, ஆணுக்கு இருந்தால் என்ன செய்வோம் என்று நம்மை நாமே ஒருமுறை வினவிய பின் எடுப்போமாக. அரசு தரும் உதவி எது, எங்கே கிடைக்கும் என்பதை விசாரிப்பதும் அந்த அறத்தின் ஒரு பகுதியே.

அதற்கும் முன்பாக, அந்த வாசலுக்கே போகாமல் இருக்க வழி தேடலாம். நீரிழிவோ இரத்த அழுத்தமோ உள்ளவர்கள், நாற்பதைக் கடந்தவர்கள், குடும்பத்தில் சிறுநீரக நோய் உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையேனும் அந்த மூன்று சோதனைகளைச் செய்துகொள்ளட்டும். உப்பைக் குறைத்தல், சர்க்கரையையும் அழுத்தத்தையும் கட்டுக்குள் வைத்தல், வலி மாத்திரைகளைத் தாமே வாங்கி விழுங்காதிருத்தல் ஆகியவை கணக்கரின் சுமையைக் குறைக்கும். இதற்குப் பெருஞ்செலவு இல்லை. வாப்பாவைச் சோதனைக்கு அழைத்துச் செல்லும் நாளில், அடுப்படியில் நிற்கும் உம்மாவையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். இருவர் இரத்தமும் ஒரே நாளில் சோதிக்கப்படட்டும்.